இனாமாக வராத வேகம்

அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை பல பத்தாண்டுகளாக ஊறிப்போயிருக்கிறது. கையில் நல்ல ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்று இருந்தால், அதன் தோட்டா அறையை ரீமர் என்ற துளைவெட்டியைப் போட்டுக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். பழைய தோட்டாவையே போட்டு ஒருமுறை சுட்டால், பித்தளைக் கூடு புது அறையின் வடிவத்துக்கு உப்பிக்கொள்ளும். அந்தக் கூட்டில் இனிமேல் கூடுதல் மருந்து பிடிக்கும். குண்டு வேகமாகப் போகும், அழுத்தம் மட்டும் ஏறாது. ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் பூட்டு எல்லாவற்றையும்விட உறுதியானது, ஆகவே கவலையும் வேண்டாம். துப்பாக்கிக் கடை, சுடுகளம், வேட்டை முகாம் என்று எங்கே போனாலும் இதையே பழமொழி மாதிரி சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சில் ஒவ்வொரு கண்ணியும் பிசகானது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பாதி உண்மை தெரியும். சேர்த்துக் கட்டினால், கன்னத்துக்கு நான்கு விரல்கடை முன்னால் வெடிக்கிற ஒரு பொருளைப் பற்றி ஒருவருக்குச் சொல்லக்கூடாத உத்தரவாதமாக அது மாறிவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், மறுக்க முடியாததை ஒத்துக்கொண்டுவிடலாம். எந்த நிறுவனமும் பெட்டியில் அடைத்து விற்காத, ஏதோ ஒரு பட்டறையில் பிறந்த தோட்டாவை அங்கே வைல்ட்கேட் என்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் பல அப்படிப் பிறந்தவைதான். .257 ராபர்ட்ஸ், நெட் ராபர்ட்ஸ் என்பவரின் முயற்சியாகத் தொடங்கி 1934-இல் ரெமிங்டன் தயாரிப்பானது. .22-250 பல ஆண்டுகள் பட்டறைகளில் புழங்கியபின் 1965-இல் ரெமிங்டன் முத்திரை பெற்றது. .25-06-க்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1922-இல் உருவான .35 வீலன் கடைக்கு வந்ததோ 1988-இல். இந்த வரிசையைக் காட்டி, "நாங்கள் செய்வதும் இதே வேலைதானே" என்கிறார்கள். இந்த முடிவோடுதான் எனக்குச் சண்டை. அந்தத் தோட்டாக்கள் அப்போது கடையில் இல்லாத ஒரு வேலையைச் செய்தன. தொழிற்சாலைக்குள் போனபோது சோதனைக் குழலில் வைத்து அவற்றின் அழுத்தம் அளக்கப்பட்டது, அறையின் அளவு, மருந்து, உச்ச அழுத்தம் எல்லாம் எழுத்தில் வந்தன. அளந்ததால்தான் அவை வைல்ட்கேட் என்ற பெயரை விட்டன. இங்கே பேசப்படும் மாற்றத்தில் இல்லாமல் போவது அந்த அளவீடுதான்.

வேகக் கணக்கைப் பார்ப்போம். .30-30 வின்செஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். 1895-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் தோட்டா, ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் நிறையப் பார்க்கலாம், அறையை மாற்ற நினைப்பவர்களின் கண் முதலில் விழுவதும் இதன்மேல்தான். பெட்டியில் வாங்கும் 150 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 2,390 அடி வேகம் என்று நிறுவனங்கள் போடுகின்றன. அறையை அகலப்படுத்தினால் இருநூறு அடி கூடும் என்பது வழக்கமான வாக்கு. உள் எறியியலில் பழகிய ஒரு தோராய விதி உண்டு: அழுத்தத்தை ஏற்றாமல் கூட்டின் கொள்ளளவை மட்டும் கூட்டினால், கொள்ளளவு ஏறுகிற சதவீதத்தில் கால்பங்குதான் வேகம் ஏறும். தாராளமாகவே கொடுத்து, கொள்ளளவு பத்து சதவீதம் கூடியதாக வைத்துக்கொள்வோம். வேகம் இரண்டரை சதவீதம் ஏறும், அதாவது அறுபது அடி. சொன்னதோ இருநூறு. மிச்சம் நூற்று நாற்பது அடி எங்கிருந்து வந்தது?

அழுத்தத்திலிருந்து வந்தது, வேறு வழியே இல்லை. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கமான சாமி .30-30-க்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. .30-06-க்கு அதே சங்கம் 60,000 வரை விடுகிறது. .30-30 குறைந்த அழுத்தத்தில் நிறுத்தப்பட்டதற்குக் காரணம் பழைய ரைஃபிள்கள், பழைய பூட்டுகள். புதிய அறை வெட்டியவர் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்க்கிறார். கூடு பிதுங்கவில்லை, கூட்டின் அடியில் தீமூட்டும் பிரைமர் தட்டையாகவில்லை, ஆகவே அழுத்தம் ஏறவில்லை என்று தீர்மானிக்கிறார். 42,000-க்கு என்று வகுத்த தோட்டாவை அவர் 55,000-இல் சுட்டுக்கொண்டிருக்கலாம். பித்தளை அதை வெளியே காட்டாது. பிரைமரும் கூடும் கண்ணுக்குத் தெரிகிறபடி முறையிடத் தொடங்குவதற்குள், இந்தத் தோட்டாவுக்கு வகுத்த எல்லையை அழுத்தம் வெகுதூரம் கடந்திருக்கும். குரோனோகிராஃப் வேகத்தை அளக்கும், அழுத்தத்தை அளக்காது. அழுத்தம் தெரிய வேண்டுமானால் சோதனைக் குழல் வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அறைக்கு மேலே ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் வேண்டும். அது இல்லாமல் "அழுத்தம் ஏறவில்லை" என்று சொல்பவருக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.

நியாயமான ஒப்பீடு ஒன்று உண்டு, அதை யாரும் செய்து காட்டுவதில்லை. அதே உறுதியான ரைஃபிளில், அறையைத் தொடாமல், பழைய .30-30 கூட்டையே அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குச் சோதனைக் குழலில் ஏற்றினால் எவ்வளவு வேகம் கிடைக்கும்? அதைத் தெரிந்துகொண்டால் ரீமரின் பங்கு எவ்வளவு சின்னது என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

இங்கேதான் பி. ஓ. அக்லியின் பெயரை இழுப்பார்கள். பார்க்கர் ஆட்டோ அக்லி (1903–1989) சாதாரண ஆள் இல்லை. ஆரிகான், கொலராடோ, யூட்டா என்று பட்டறை நடத்தியவர். டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்றுக்கொடுத்தவர். ராணுவ ரைஃபிள்களின் பூட்டுகளை உடையும்வரை சோதித்து எழுதியவர். கூட்டின் உடலை ஏறத்தாழ நேராக்கி, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்திய வடிவங்கள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அவர் செய்த ஒரு சோதனை எல்லோருக்கும் மனப்பாடம். வின்செஸ்டர் 94 ரைஃபிளில் இந்த வடிவ அறையை வெட்டி, பூட்டும் கட்டையையே கழற்றிவிட்டுச் சுட்டார். கூடு பின்னால் பறந்து வரவில்லை, அறையின் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றது. "பார், நேரான கூடு இருந்தால் பூட்டின்மேல் பாரமே விழாது" என்று அதிலிருந்து ஒரு கொள்கையே கட்டிவிட்டார்கள்.

அந்தச் சோதனை சொன்னது வேறு. உலர்ந்த, சுத்தமான அறையில், அந்தத் தோட்டாவின் அழுத்தத்தில், பித்தளை சுவரோடு ஒட்டும் உராய்வு போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். சாதாரண .30-30 கூடும் இலேசான மருந்தில் இதையே செய்யும். கூடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிரைமர் மட்டும் பின்னால் துருத்திக்கொண்டிருப்பதைச் சுட்ட கூடுகளைப் பொறுக்கிய எவரும் பார்த்திருப்பார்கள். அழுத்தம் ஏறினால் பித்தளையால் தாங்க முடியாது. கூட்டின் சுவர் முன்னே ஒட்டிக்கொண்டிருக்க, அடிப்பகுதி பின்னால் இழுபட்டுப் பூட்டில் மோதும். அறையில் ஒரு துளி எண்ணெய், மழையில் நனைந்த ஒரு தோட்டா போதும், பற்றுதல் போய்விடும். வேட்டைக்காரர் சுடுவது பட்டறைக்குள் இல்லை, நவம்பர் மாத ஈரக் காட்டில்.

பாரம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். .30-30 கூட்டின் அடி விட்டம் சுமார் 0.42 அங்குலம். வெளி விட்டத்தை வைத்து, உராய்வைக் கழிக்காமல் மோசமான நிலைக்குக் கணக்கிட்டால், 42,000-இல் பூட்டின்மேல் விழுவது ஏறத்தாழ 5,800 பவுண்டு. 55,000-இல் அது 7,600. கிலோவில் சொன்னால் 2,600-இலிருந்து 3,450-க்குத் தாவுகிறது. பூட்டை வடிவமைத்தவர் முதல் எண்ணை மனதில் வைத்திருந்தார். இரண்டாவதைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அக்லியின் ரசிகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எல்லாத் தோட்டாவையும் இப்படி மாற்றினால் பலன் உண்டு என்று அவரே நம்பவில்லை. .270 வின்செஸ்டரைத் திருத்துவதில் பெரிய லாபம் இல்லை என்பதே அவர் கருத்து. அவர் பெயரைச் சொல்லி ரீமர் வாங்குகிறவர்கள் அவர் எழுதியதையும் படிக்கலாம்.

அடுத்து அந்த "உறுதியான பூட்டு". ஒற்றைத் தோட்டா ரைஃபிள் என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. 1967-இல் வந்த ரூகர் நம்பர் 1-இன் ஃபாலிங் பிளாக், அதாவது கீழே இறங்கித் திறக்கும் பூட்டுக்கட்டை, உண்மையிலேயே இரும்புத் தூண் மாதிரி. ஜான் பிரவுனிங் 1879-இல் காப்புரிமை பெற்று, 1885-இலிருந்து வின்செஸ்டர் தயாரித்த ரைஃபிளில் ஹை வால் ஒரு தரம், லோ வால் வேறொரு தரம். ஸ்டீவன்ஸ் 44 கரிமருந்துக் காலத்து எளிய பூட்டு. மடக்கித் திறக்கும் தாம்சன் சென்டர் கன்டெண்டருக்கு எல்லை உண்டு, அந்த எல்லை போதாமல்தான் அதே நிறுவனம் பெரிய என்கோரைக் கொண்டுவந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே வாயால் "சிங்கிள் ஷாட், எதையும் தாங்கும்" என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், சுட்ட கூட்டை வெளியே எடுக்க வேண்டாமா? இந்த மாற்றத்துக்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான், ஆனால் இதை யாரும் பேசக் காணோம். போல்ட் ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவு கூட்டைப் பின்னால் நெம்புகிறது. அந்த முதல் நெம்பலில் அசாத்திய பலம் இருக்கிறது, ஒட்டிய கூடும் அசைந்துவிடும். ஃபாலிங் பிளாக்கிலும், பின்புறம் கீல்பட்டு முன்னால் சாயும் கட்டை கொண்ட மார்ட்டினியிலும் அந்த நெம்பல் இல்லை. லிவரை இறக்கினால் ஒரு சின்ன எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிடித்துத் தள்ளும், அவ்வளவே. சாய்வான உடல் கொண்ட கூடு இம்மி நகர்ந்ததும் சுவரை விட்டு விலகிவிடும். நேரான உடல் கொண்ட கூடு வெளியே வரும்வரை சுவரை உரசிக்கொண்டே வரும். எந்தப் பற்றுதலைக் காட்டி "பூட்டுக்குப் பாரம் குறையும்" என்றார்களோ, அதே பற்றுதல்தான் கூட்டை உள்ளே பிடித்து வைக்கிறது. நன்மையாகக் கேட்டதை வாங்கிக்கொண்டு, அதன் மறுபக்கத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. லிவர் கனமாக இறங்குகிறதே என்று ஒருவர் உள்ளங்கையால் அடித்து இறக்கினால், அந்த ரைஃபிள் அவரிடம் அழுத்தத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

இதை நன்றாக அறிந்தவர்கள் பிரிட்டிஷ் கைவினைஞர்கள். ஜான் ஃபார்குஹார்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற ஃபாலிங் பிளாக்கை பிரிஸ்டலில் ஜார்ஜ் கிப்ஸ் தயாரித்தார். அவர்களுடைய ரைஃபிள்கள் போய்ச் சேர்ந்தது இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும். அந்தக் காலத்துக் கார்டைட் மருந்து சூட்டில் மூர்க்கமாகும், லண்டனில் ஒழுங்காக நடந்த தோட்டா மத்திய இந்தியாவின் மே மாத வெயிலில் அழுத்தம் ஏறிக் கூட்டை அறையில் இறுக்கிவிடும். எதிரே அடிபட்ட புலி நிற்கும்போது கூடு சிக்கினால் அந்த ஒரே ஒரு தோட்டாவோடு கதை முடிந்தது. அதனால்தான் நீளமான, நன்றாகச் சாய்ந்த, விளிம்பு வைத்த பெரிய கூடுகளைக் குறைந்த அழுத்தத்தில் நிறுத்தினார்கள். விளிம்பு இல்லாத .375 ஹாலண்டு 1912-இல் வந்தபோதும் அந்தச் சாய்வை விடவில்லை. நம் ஆள் "வீணான இடம்" என்று ரீமரால் சீவித் தள்ளுவது, அனுபவசாலிகள் தெரிந்தே விட்டுவைத்த சாய்வைத்தான்.

ஹெட்ஸ்பேஸ் விஷயத்துக்கு, அதாவது பூட்டுக்கும் கூடு அறையில் தாங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளிக்கு, வருகிறேன். விளிம்புள்ள கூடு விளிம்பில் நிற்கும், அதனால் ரீமரை மட்டும் ஓட்டினாலும் சிக்கல் குறைவு. விளிம்பில்லாத கூடு தோளில் நிற்கும். அங்கே பழைய தோட்டாவைப் பத்திரமாகச் சுட வேண்டுமானால், புது அறை பழையதைவிட 0.004 அங்குலம் குட்டையாக இருந்தாக வேண்டும். சுடும்போது கழுத்தும் தோளும் சேருமிடத்தில் கூடு இறுக்கமாக அண்டியிருக்க வேண்டும் என்பதற்காக. இதற்குக் குழலின் பின்புறத்தைச் சீவி, ஒரு முழுச் சுற்று உள்ளே திருக வேண்டும். போல்ட் ரைஃபிளில் இது பழகிய வேலை. ரூகர் நம்பர் 1-இல் குழலின்மேல் குவார்ட்டர் ரிப் என்ற பட்டை திருகப்பட்டிருக்கிறது, எக்ஸ்ட்ராக்டருக்கான வெட்டு குழலிலேயே இருக்கிறது. குழல் உள்ளே போனால் இவை அத்தனையையும் மறுபடி பொருத்த வேண்டும். செலவைக் கேட்டதும் பலர் "சும்மா ரீமரை ஓட்டிவிடுங்கள்" என்கிறார்கள், சில லேத்துப் பட்டறைக்காரர்கள் ஓட்டியும் விடுகிறார்கள்.

அதன் விளைவைச் சுட்ட கூட்டில் பார்க்கலாம். அடியிலிருந்து கால் அங்குலத்துக்கும் சற்று மேலே, கூட்டைச் சுற்றி மெல்லிய பளபளப்பான வளையம் தெரியும். ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, உட்சுவரில் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். வளையத்துக்கு நேரே நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்துவிட்டது. மறுபடி மருந்து போட்டால் ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகும், அடி தனியாக வரும், கொதிக்கும் வாயு பின்னால் பாயும். கண்ணாடி போடாமல் சுடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அறையை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. லைல் கில்போர்ன் 1940-இல் உருவாக்கிய கே-ஹார்னெட்டைப் பாருங்கள். .22 ஹார்னெட்டின் கூடு மெல்லியது, நீண்ட சரிவான தோள் கொண்டது, சுடச்சுட முன்னால் நீண்டு சீக்கிரம் செத்துவிடும். தோளை நிமிர்த்தியதும் கூடு நீள்வது குறைந்தது, ஒரே கூட்டை அதிக முறை பயன்படுத்த முடிந்தது. விளிம்பில் நிற்கும் கூடு, சின்ன அடி, பூட்டின்மேல் சின்ன பாரம். ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு ஏற்ற மாற்றம் அது, வேகத்தில் கிடைத்த கொஞ்சம் லாபம் உபரிதான். ஆஸ்திரேலியச் சிறுவர் படைக்காக பி.எஸ்.ஏ.-யும் கிரீனரும் செய்த .310 கேடட் மார்ட்டினிகள் பிற்பாடு கைமாறியபோது, பலர் குழலையே மாற்றி .22 ஹார்னெட்டுக்கும் .218 பீ-க்கும் ஆக்கிக்கொண்டார்கள். எளிதில் கிடைக்காத தோட்டாவுக்குப் பதில் கிடைக்கும் தோட்டா, புதுக் குழல், பூட்டின் அளவறிந்த தேர்வு. இவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. தேய்ந்துபோன அறையைச் சீராக்க மாற்றுகிறவரோடும் இல்லை. "இருநூறு அடி இனாம்" என்று சொல்லி மாற்றுகிறவரோடும், அதை நம்பிப் பணம் வாங்குகிற பட்டறையோடும்தான் வழக்கு.

"என் ரைஃபிள், என் கன்னம், உனக்கென்ன?" என்ற கடைசிப் பதிலும் நிற்காது. ரைஃபிள் ஒருவரோடு முடிவதில்லை. அது மகனுக்குப் போகும், ஏலத்துக்குப் போகும், அடகுக் கடைக்குப் போகும். குழலில் பழைய தோட்டாவின் பெயர் அப்படியே இருக்கும். உள்ளே அறை வேறாக இருக்கும். அலமாரியில் கையெழுத்து அழிந்த டப்பாக்களில், அளக்காத அழுத்தத்தில் மருந்து கெட்டித்த தோட்டாக்கள் ரைஃபிளோடு சேர்ந்தே போகும். பிரிட்டனில் 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறையை மாற்றிய குழலை லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் ஹவுஸில் மறுசோதனை செய்து முத்திரை வாங்காமல் விற்க முடியாது. ஜெர்மனியிலும் அழுத்தம் தாங்கும் பாகத்தில் கைவைத்தால் மறுசோதனை உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு அரசாங்கச் சோதனை கிடையாது, சாமியின் அளவுகளும் உறுப்பு நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்டவையே. சட்டம் கேட்காத இடத்தில் கேட்க வேண்டியவர் ரைஃபிளை வேலைக்குக் கொடுப்பவர். பழைய எழுத்தை அழித்துப் புது அறையின் பெயரைக் குழலில் பொறித்துத் தருவாயா, பழைய தோட்டாவுக்கு அறை சரியான அளவில் இருக்கிறதென்று கேஜ் போட்டுக் காட்டுவாயா, நீ சொல்லும் வேகத்துக்கு யார் எந்தக் கருவியில் அழுத்தம் அளந்தார் என்று எழுதித் தருவாயா? இந்த மூன்றுக்கும் பட்டறைக்காரரிடம் பதில் இல்லையென்றால் குழலைக் கழற்ற விடக்கூடாது, ரைஃபிளை உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட வேண்டும்.